மற்றவை நேரில்

(அரியலூர் மாவட்டம் ரெட்டிபாளையத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருச்சி காந்தி மார்க்கெட்டைப் பார்க்காதவர் இந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டீர்கள். மூட்டை ஏற்றிக்கொண்டு போயிருப்பீர்கள். கல்யாணத்துக்குக் காய்கறி வாங்கப் போயிருப்பீர்கள். அங்கே ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதா என்று பார்க்கத்தான் நாமெல்லாம் அதை நிமிர்ந்து பார்த்திருப்போம். அது ஒரு போர் நினைவுச் சின்னம். முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 302 பேர் போனார்கள், அவர்களில் 41 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று அதில் ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறார்கள். 302 என்ற எண் இருக்கிறது. 41 என்ற எண் இருக்கிறது. பெயர் ஒன்றுகூட இல்லை.

செங்கம் பக்கம் போனால் பல்லவர் காலத்து நடுகற்களைப் பார்க்கலாம். ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முந்தைய கல். மாடு மீட்கப் போய்ச் செத்த ஒரு சாதாரண ஆளுக்கு நட்ட கல்லில் அவன் பெயர் இருக்கிறது, அவன் யாருடைய சேவகன் என்பது இருக்கிறது, எந்தப் பூசலில் பட்டான் என்பதும் இருக்கிறது. எழுத்தறிந்தவர் அரிதாக இருந்த காலத்தில் ஒரு சிற்றூர் தன் ஆளுக்குச் செய்த மரியாதை அது. உலகத்தின் பெரிய சாம்ராஜ்யம் 1919க்குப் பிறகு நம் ஆட்களுக்குச் செய்தது, தலையை எண்ணிப் போட்டது.

அந்தக் காலத்தில் நம்முடைய இந்த ஊரெல்லாம் திருச்சி மாவட்டம்தான். அரியலூருக்கு ரயில் கிடையாது. விழுப்புரத்திலிருந்து திருச்சிக்குப் போகும் இந்தக் கார்டு லைன் 1920களின் கடைசியில்தான் வந்தது. 1914இல் பட்டாளத்துக்குப் போனவன் நடந்தோ வண்டி கட்டியோ ரயிலடிக்குப் போயிருப்பான். அங்கிருந்து பெங்களூரு, பம்பாய், கப்பல். அப்படிப் போனவன் வீட்டுக்கு என்ன எழுதினான்? யாரைக் கொண்டு எழுதினான்? அந்தக் கடிதத்தை இங்கே யார் படித்துக் காட்டினார்கள்? இன்றைக்கு நான் பேச வந்தது இந்த மூன்று கேள்விகளைப் பற்றித்தான்.

முதலில் ஒரு வேதனையான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல் உலகப் போருக்குப் போன இந்தியச் சிப்பாய்களின் கடிதங்கள் இன்றைக்கு நமக்குப் படிக்கக் கிடைப்பதற்குக் காரணம், அவற்றை ஒளிந்து படித்த வெள்ளைக்கார அதிகாரிகள். 1914 செப்டம்பர் இறுதியில் இந்தியப் படைகள் பிரான்சின் மார்சேய் துறைமுகத்தில் இறங்கின. அடுத்த ஆண்டு மார்ச் மாதத்துக்குள் அந்தச் சிப்பாய்கள் வாரத்துக்குப் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் கடிதங்கள் வரை எழுதிக்கொண்டிருந்தார்கள். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த கதர் கட்சியின் பிரசுரங்கள் படைக்குள் நுழைந்துவிடுமோ என்ற பயம் அரசாங்கத்துக்கு. அதனால் இந்தியத் தபாலைத் தணிக்கை செய்யத் தனி அலுவலகம் வைத்தார்கள். அதன் தலைமைக்கு வந்தவர் ஹவல் என்கிற ஐ.சி.எஸ். அதிகாரி. கட்டுக் கட்டாகக் கடிதங்களைப் பிரித்துப் படித்து, வாரந்தோறும் நூறு கடிதங்கள் அளவுக்குத் தேர்ந்தெடுத்து, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார்கள். அந்த அறிக்கைகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. மூலக் கடிதங்கள் ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே மழையிலும் கரையானிலும் அடுப்பிலும் அழிந்தன. எவன் படிக்கக் கூடாதோ அவன் நகல் எடுத்து வைத்தான். யாருக்காக எழுதப்பட்டதோ அந்த வீட்டில் அது இல்லை.

தணிக்கை இருக்கிறது என்று சிப்பாய்க்கும் தெரியும். அதனால் பூடகமாக எழுதினான். கருமிளகு என்றால் இந்தியச் சிப்பாய், சிவப்பு மிளகாய் என்றால் வெள்ளைச் சிப்பாய். கருமிளகு தீர்ந்துகொண்டே வருகிறது என்று எழுதினால் ஊரில் இருப்பவனுக்கு விஷயம் புரியும். நம்மைக் கொண்டுபோய் முன்னால் நிறுத்துகிறார்கள், தம்பி நீ பட்டாளத்தில் சேராதே என்று அர்த்தம். தணிக்கை அதிகாரிக்கும் புரிந்துவிட்டது. புரிந்ததையும் அறிக்கையில் எழுதிவைத்தார். எழுத்துத் தெரியாத சிப்பாய் இன்னொருவனைக் கொண்டு எழுதச் சொன்னான். ஊரில் அதை இன்னொருவன் படிக்க, திண்ணை முழுக்க உட்கார்ந்து கேட்டது. மனைவிக்கு எழுதும் கடிதத்தை எழுதியவன் ஒருவன், பிரித்தவன் ஒருவன், படித்தவன் ஒருவன், கேட்டவர்கள் ஊரார். இத்தனை பேருக்கு நடுவில் ஒரு மனிதன் தன் பெண்டாட்டியிடம் என்னதான் சொல்ல முடியும்? சொன்னதை விட்டுவிட்டுச் சொல்லாததைத் தேடிப் படிக்க வேண்டிய எழுத்து அது.

அந்த அறிக்கைகளில் கேட்கும் குரல்கள் பெரும்பாலும் பஞ்சாபி, பட்டாணி, கட்வாலி, கூர்க்கா குரல்கள். நம் மாகாணத்துக் குரல் அங்கே மிக அரிது. காரணம் உண்டு. 1880களில் சென்னைப் படையின் தளபதியாக இருந்து, பிறகு இந்தியா முழுமைக்கும் தளபதியான ராபர்ட்ஸ் பிரபு, தெற்கத்தி ஆள் சண்டைக்கு லாயக்கில்லை என்று முடிவுகட்டினார். போர்க்குலம் என்று ஒரு கணக்குப் போட்டு வடமேற்கு ஆட்களையே சேர்த்தார்கள். கிளைவ் காலத்திலிருந்து கம்பெனிக்கு நாடு பிடித்துக் கொடுத்த சென்னைப் படையின் பட்டாலியன்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. மிச்சமிருந்தவற்றில் ஒன்று 63ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி.

அந்தப் படையின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்டது எல்லாருக்கும் தெரியும். எவனாவது கெட்டிக்காரனாக இருந்தால் இன்றைக்கும் அவனை எம்டன் என்கிறோம். ஜெர்மன்காரன் கப்பலின் பெயர் நம் பேச்சில் தங்கிவிட்டது. அதே ஆண்டு நவம்பரில், இன்றைய தான்சானியாவின் டாங்கா துறைமுகத்தில் நம் ஆட்கள் செத்தார்கள். டாங்கா என்ற பெயர் நம் பேச்சில் இல்லை.

பம்பாயிலிருந்து சுமார் எட்டாயிரம் பேர் கொண்ட படை அக்டோபரில் புறப்பட்டது. பாளையங்கோட்டைப் படையும் அதில் இருந்தது. வாரக்கணக்கில் கப்பலின் அடித்தளத்தில் வாந்தியும் மயக்கமுமாகக் கிடந்தார்கள். பல பேருக்குப் புதுத் துப்பாக்கியைப் புறப்படும் நேரத்தில்தான் கையில் கொடுத்திருந்தார்கள். திடீர்த் தாக்குதல் என்றார்கள். ஆனால் துறைமுகத்தில் இருந்த ஜெர்மானியருக்கு, தாக்க மாட்டோம் என்ற பழைய உடன்பாடு செல்லாது என்று ஆளனுப்பிச் சொல்லிவிட்டுத்தான் இறக்கினார்கள். எதிரி உஷாராகிப் படை திரட்டிக்கொண்டான். இறங்கியவர்களுக்கு முன்னால் புதரும் தென்னையும் ரப்பர் தோட்டமும், மறைவிலிருந்து சுடும் இயந்திரத் துப்பாக்கிகளும். சண்டைக்கு நடுவே தேனடைகள் கலைந்து தேனீக்கள் வேறு இரண்டு தரப்பையும் கொட்டின. நவம்பர் 5ஆம் தேதி படையைத் திரும்பக் கப்பலில் ஏற்றினார்கள். 16 இயந்திரத் துப்பாக்கிகளையும் ஆறு லட்சம் தோட்டாக்களையும் கரையிலேயே விட்டுவிட்டு ஓடினார்கள். திட்டம் போட்டவர்களின் தோல்வி அது. பழி யார் மேல் விழுந்தது? சிதறி ஓடினார்கள் என்று பாளையங்கோட்டைக்காரர்கள் மேல்.

இந்தப் பழியை உலகம் முழுக்கப் பரப்பியது ஒரு நாட்குறிப்பு. அந்தப் படையின் உளவு அதிகாரியாக இருந்த ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன், தன் ராணுவ நாட்குறிப்பு என்று 1960இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் இந்தியச் சிப்பாய்களைப் பற்றிக் கேவலமாக எழுதியிருக்கிறார். அன்றன்றைக்கு எழுதிய நாட்குறிப்பு ஆயிற்றே, பொய் இருக்காது என்று வரலாறு எழுதியவர்கள் பல காலம் அதை எடுத்தாண்டார்கள். அந்த மனிதர் பறவை ஆராய்ச்சியாளரும்கூட. அருங்காட்சியகத்திலிருந்து பறவைத் தோல்களைத் திருடி, தான் பிடித்ததாகப் புதுச் சீட்டு ஒட்டி வைத்திருந்தார் என்பது அவர் இறந்து பல ஆண்டு கழித்து, 1990களில் அறிவியலாளர்கள் ஆராய்ந்தபோது தெரியவந்தது. அதற்குப் பிறகு நாட்குறிப்பையும் துருவினார்கள். டைப் அடித்த தனித்தனித் தாள்கள். பின்னாளில் திருத்தி எழுதிச் செருகியவை எத்தனை என்றே கேள்வி எழுந்தது. பிரையன் கார்ஃபீல்டு என்பவர் 2007இல் ஒரு முழுப் புத்தகமே எழுதி அந்த ஆளின் புளுகுகளைத் தோலுரித்தார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது இதுதான். பொய் சொன்ன அதிகாரியிடம் எழுதிய தாள் இருந்தது. சுடப்பட்டுச் செத்த பாளையங்கோட்டைச் சிப்பாயின் பக்கத்தில் தாள் இல்லை. தப்பியவர்களில் ஒருவன் மொம்பாசாவில் கரையேறி, அங்கிருந்து தன் தாய்க்கு நாலு வரி எழுதச் சொல்லியிருந்தால், அந்த நாலு வரி நெல்லைச் சீமையில் ஏதாவது ஒரு மச்சில் கிடந்திருந்தால், டாங்காவின் கதையை இன்னொரு வாயாலும் கேட்டிருப்போம்.

வங்காளத்தில் ஒரு குடும்பம் இதில் நமக்கு வழிகாட்டியிருக்கிறது. கல்யாண்குமார் முகர்ஜி என்று ஓர் இளம் மருத்துவர். இந்திய மருத்துவப் பணியில் கேப்டன். மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய இராக்குக்கு, அனுப்பினார்கள். அங்கே கூத் என்ற ஊரில் பிரிட்டிஷ் தளபதி டவுன்ஷெண்டின் படை துருக்கியரிடம் சிக்கியது. 1915 டிசம்பர் தொடங்கி 1916 ஏப்ரல் 29 வரை, 147 நாள் முற்றுகை. உணவு தீர்ந்து குதிரைகளை அறுத்தார்கள். இந்தியச் சிப்பாய்கள் பல பேர் அதைத் தொடவே மறுத்துப் பட்டினி கிடந்தார்கள். கடைசியில் சரணடைந்தவர்களில் பெரும்பகுதி இந்தியர்கள். அவர்களைப் பாலைவனத்தில் நடத்தியே கூட்டிப்போனார்கள். கல்யாண் 1917இல் ராஸ் அல் அய்ன் என்ற இடத்தில் கைதியாகவே காய்ச்சலில் இறந்தார்.

அவர் தன் தாய்க்கு எழுதிய வங்காளக் கடிதங்கள் வீட்டில் இருந்தன. அவருடைய பாட்டி மோட்சதா தேவிக்கு அப்போது எண்பது வயது. பேரனின் கடிதங்களைக் கோத்து, அவன் வாழ்க்கையையும் அந்தப் போரின் கதையையும் சேர்த்து, 'கல்யாண் பிரதீப்' என்று 1928இல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். எண்பது வயதுப் பாட்டி! நம் வீடுகளில் அந்த வயது அப்பாயியை மூலையில் உட்காரவைத்துவிடுகிறோம். அந்த அம்மாள் உட்கார்ந்து எழுதியதால்தான் 1915இல் ஓர் இந்திய அதிகாரி மனதுக்குள் என்ன நினைத்தான் என்பது இன்றைக்கு உலகத்துக்குத் தெரிகிறது. தேசபக்தி என்று இங்கிலாந்து நமக்குக் கற்றுக்கொடுத்ததே இத்தனை ரத்தத்துக்கும் காரணம், அடுத்தவன் நாட்டைப் பிடுங்குவதற்கு வைத்த பெயர் அது என்ற பொருளில் அவர் எழுதியிருக்கிறார். பிரிட்டிஷ் சீருடையில், சண்டைக்களத்தில் நின்றுகொண்டு எழுதியது. அமிதவ் கோஷ் போன்ற எழுத்தாளர்கள் இந்தப் புத்தகத்தைத் தேடிப் படித்து உலகத்துக்குச் சொன்னார்கள்.

அதே கூத் முற்றுகையில் இன்னொரு வங்காளி, சிசிர் பிரசாத் சர்பாதிகாரி. ஆம்புலன்ஸ் படையில் சாதாரணத் தொண்டர். நாட்குறிப்பு எழுதிவந்தார். கைதியானபோது அந்தத் தாள்களைக் கிழித்து பூட்ஸுக்குள் திணித்துக்கொண்டார். செருப்பில்லாமல் நடந்து செத்தவர்கள் நிறைந்த பயணத்தில், காலுக்கும் தோலுக்கும் நடுவே எழுத்தைக் காப்பாற்றினார். பிறகு அதைப் பார்த்து மறுபடி எழுதினார். 1950களின் இறுதியில் அது 'அபி லே பக்தாத்' என்று அச்சில் வந்தது. நாற்பது ஆண்டு காத்திருந்த தாள்.

ராஜஸ்தானத்தில் கானோட்டா ஊர் அமர்சிங் 1898இல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி 1942இல் சாகும்வரை எழுதினார். 89 தொகுதிகள். பிரான்சிலும் மெசபடோமியாவிலும் இருந்தபோதுகூட விடவில்லை. அவர் ஜாகீர்தார் வீட்டுப் பிள்ளை, வசதி இருந்தது. சர்பாதிகாரியின் பூட்ஸுக்குத்தான் நான் பெரிதாக வணக்கம் சொல்வேன்.

நம் சென்னை சாப்பர்கள் என்ற பொறியாளர் படையினரும் அதே மெசபடோமியாவில் ஆற்றுக்கும் சேற்றுக்கும் நடுவே பாலம் போட்டார்கள். ராணுவத்தில் அவர்களுக்குத் தம்பி என்றே செல்லப்பெயர். வடக்கத்தி அதிகாரிகூட அப்படித்தான் கூப்பிடுவார். அந்தத் தம்பிகளின் கதையை எங்கே படிப்பது? ஒவ்வொரு பட்டாலியனும் அன்றன்றைய நடப்பைப் போர்க் குறிப்பேட்டில் எழுதும். அதில் இறந்த அதிகாரிக்குப் பெயர் இருக்கும். சிப்பாய்க்கு இத்தனை பேர் என்ற எண் இருக்கும். 1929இல் பாஸ்ராவில் நினைவுச்சுவர் எழுப்பினார்கள். அங்கேயும் இந்திய அதிகாரிகளின் பெயரைப் பொறித்துவிட்டு, சாதாரண இந்தியச் சிப்பாய்களைப் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கையாக மட்டும் போட்டார்கள். காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையமே 2021 ஏப்ரலில் ஓர் அறிக்கை வெளியிட்டு இதை ஒப்புக்கொண்டது. 45,000 முதல் 54,000 பேர் சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டார்கள், இன்னும் 1,16,000 பேருக்காவது பெயரே பொறிக்கப்படவில்லை என்பது அதன் கணக்கு. இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும்தான் பெரும்பாலும். நூறு ஆண்டு கழித்து வந்த மன்னிப்பு. காந்தி மார்க்கெட் கல்லுக்கும் பாஸ்ரா சுவருக்கும் நடுவே கடல் இருக்கிறது; எண்ணிப் போட்ட கை ஒன்றுதான்.

சரி, அது அந்நியன் ஆண்ட காலம். நம் காலத்துக்கு வருகிறேன். இங்கே குற்றவாளி நாமே.

இந்தப் பக்கத்துப் பட்டாளத்து வீடுகளில் ஒரு விலாசம் எல்லாருக்கும் மனப்பாடம். 56 ஏ.பி.ஓ., அதாவது ராணுவ அஞ்சலகம். கிழக்கே என்றால் 99 ஏ.பி.ஓ. காஷ்மீரா, லடாக்கா, பாலைவனமா, எதுவும் அதில் தெரியாது. பெயர், நம்பர், யூனிட், 56 ஏ.பி.ஓ. அவ்வளவுதான். மகன் எந்த மலையில் நிற்கிறான் என்று தெரியாமலே ஒரு தாய் அவனுக்கு முப்பது ஆண்டு கடிதம் போட்டிருக்கிறாள்.

என் பெரியப்பா சாப்பர் படையில் இருந்தவர். 1971 டிசம்பரில் கிழக்கு எல்லையில் இருந்தார். அவர் கடிதம் வந்தால் அப்பாயிக்குப் படித்துக் காட்டுவது என் வேலை. நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். நீல இன்லேண்டு லெட்டரை ஓரம் கிழியாமல் பிரிக்கத் தெரிய வேண்டும், உள்மடிப்பிலும் எழுதியிருப்பார். இவ்விடம் நான் நலம், அவ்விடம் அனைவர் நலமறிய ஆவல் என்று தொடங்கும். கடலை என்ன விலை போயிற்று, செவலை கன்று போட்டதா, தம்பிக்குப் பரீட்சைப் பணம் கட்டியாயிற்றா, மணியார்டர் வந்து சேர்ந்ததா என்று வரிசையாகக் கேள்வி. தன்னைப் பற்றி ஒரு வரி. குளிர் அதிகம், காலில் சேற்றுப்புண், ஆறிவிடும். கடைசியில், மற்றவை நேரில்.

அந்தச் சேற்றுப்புண் வரியை நான் அப்பாயிக்குப் படிக்கவில்லை. அழுவாள் என்று விட்டுவிட்டேன். பிரான்சில் ஹவல் செய்ததைத்தான் எங்கள் திண்ணையில் ஒரு பத்து வயதுப் பையன் செய்தான். பல வீடுகளில் இப்படி நடந்திருக்கும். பாசத்தால் செய்த தணிக்கை. ஆனால் என் மகன் அங்கே கஷ்டப்படுகிறான் என்று தெரிந்துகொள்ளும் உரிமையை அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன். அது எனக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது.

அந்த ஒரு கடிதம் மட்டும் இன்று என்னிடம் இருக்கிறது. பஞ்சாங்கத்துக்குள் செருகியிருந்ததால் தப்பியது. மற்றவை ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தன. பெரியப்பா காலமான பிறகு வந்த தை மாதத்துக்கு வீடு ஒழித்து வெள்ளையடித்தோம். போகியன்று விடிகாலையில் பழைய பாய், கிழிந்த முறம், உடைந்த கூடை, அந்தப் பெட்டியில் இருந்த காகிதம் எல்லாம் வாசலில் எரிந்தன. போட்டது வேறு யாரும் இல்லை, நாங்களேதான். இருபத்தெட்டு ஆண்டுக் கடிதம் கால் மணி நேரத்தில் சாம்பலாயிற்று. எரிந்து முடிந்த பிறகுகூட ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மற்றவை நேரில் என்று எழுதினாரே, நேரில் சொன்னாரா என்று கேட்பீர்கள். சொல்லவில்லை. லீவில் வந்தால் வயலுக்குப் போவார், கிணற்றைத் தூர்வாருவார், மாட்டைக் குளிப்பாட்டுவார். போரைப் பற்றிக் கேட்டால் அதெல்லாம் எதுக்கு என்பார். எழுத முடியாதது என்று விட்டதை நேரிலும் அவரால் சொல்ல முடியவில்லை. இந்த மண்டபத்தில் இருக்கும் பட்டாளத்து வீட்டு அம்மாக்கள் தலையசைப்பது எனக்குத் தெரிகிறது. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

நம் இலக்கியத்தில் இந்தக் காத்திருப்பை முல்லைத் திணை என்றே தனியாக வைத்தார்கள். நப்பூதனாரின் முல்லைப்பாட்டில் ஒரு பக்கம் வீட்டில் மழைக்காலத்தில் காத்திருக்கும் அரசி, மறுபக்கம் பாசறையில் காயம்பட்ட வீரர்களையும் யானைகளையும் நினைத்துத் தூங்காமல் கிடக்கும் அரசன். இருவருக்கும் நடுவே கடிதம் இல்லை. புலவர்தான் இருவர் மனதையும் பார்த்துச் சொல்கிறார். பட்டாளத்துக்காரனுக்கும் அவன் மனைவிக்கும் புலவர் வரமாட்டார். அவர்களுக்கு அந்த நீலத் தாள் ஒன்றுதான்.

இலங்கைக்குப் போன அமைதிப் படையை நினைத்துப் பாருங்கள். 1987 ஜூலை முதல் 1990 மார்ச் வரை. சுமார் 1,200 இந்திய வீரர்கள் அங்கே உயிரிழந்தார்கள். அந்தப் படையில் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். யாழ்ப்பாணத்துத் தெருவில் துப்பாக்கியோடு நிற்கிறான். வீட்டுக்குள்ளிருந்து ஒரு கிழவி தன் தாய்மொழியில் அழுவது காதில் விழுகிறது. அன்றிரவு அவன் தன் அம்மாவுக்கு என்ன எழுதினான்? இந்த மொழியில் இதைவிடக் கனமான கடிதம் எதுவாக இருக்க முடியும்? அப்படி எழுதியவர்கள் இன்றைக்கு அறுபது, எழுபது வயதில் நம் ஊர்களில் இருக்கிறார்கள். டீக்கடையில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் கடிதங்களும் எங்கோ ஒரு பீரோவின் மேல்தட்டில் இருக்கின்றன. போர் சரியா தவறா என்று நாம் எத்தனையோ மேடையில் பேசிவிட்டோம். அந்தப் பிள்ளையின் கடிதத்தை ஒரு மேடையிலும் படிக்கவில்லை.

1999 கார்கில். திருச்சியில் மேஜர் சரவணனின் நினைவிடத்தைப் பார்த்திருப்பீர்கள். பிகார் ரெஜிமென்ட் அதிகாரி. மே 29ஆம் தேதி படாலிக் பகுதியில் விழுந்தார். உடலை மீட்க ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதே போரில் ஜூன் மாத இறுதியில் விஜயந்த் தாப்பர் என்ற 22 வயது கேப்டன் தாக்குதலுக்குப் போகுமுன் வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதி, திரும்பாவிட்டால் கொடுங்கள் என்று நண்பர்களிடம் விட்டுப்போனார். நாடே படித்த கடிதம் அது. எனக்கு அதில் மறக்க முடியாத இடம் வீரம் பேசும் இடமில்லை. காஷ்மீரில் தனக்குப் பழக்கமான ஒரு சிறுமிக்கு மாதம் 50 ரூபாய் கொடுத்துவந்தார். அதை நிறுத்திவிடாதீர்கள் என்று பெற்றோரைக் கேட்டிருந்தார். என் பெரியப்பா செவலையின் கன்றைக் கேட்டதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. சாவுக்கு முன்னால் நின்று மனிதன் கேட்பது இம்மாதிரிச் சின்ன விஷயங்களைத்தான். நினைவுக் கல்லில் இதற்கு இடமில்லை.

கார்கிலுக்குப் பிறகு கடிதம் குறைந்தது. செல்போன் வந்தது. 2013 ஜூலையில் தந்தியும் போனது. 2019 பிப்ரவரி 14இல் புல்வாமா தாக்குதலில் இறந்த 40 வீரர்களில் ஒருவர் இந்த அரியலூர் மாவட்டத்துக்காரர். அந்தத் தலைமுறை வீட்டோடு பேசியது போனில். குரல் காற்றோடு போய்விட்டது. ஆகவே நம் கையில் இருப்பது ஏறக்குறைய நாற்பது ஆண்டுக் கடிதம்தான்: 62, 65, 71, இலங்கை, கார்கில். இனி அது பெருகாது. நாள் போகப் போகக் குறையத்தான் செய்யும்.

இந்த ஊரில் கிணறு வெட்டினாலும் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலும் கடல் சங்கும் சிப்பியும் கிடைப்பது உங்களுக்குப் புதிதில்லை. சிமெண்டுக்குக் கல் வெட்டும்போது எத்தனையோ லாரி லாரியாகப் போயிற்று. அதன் அருமை தெரிந்த பிறகுதான் வாரணவாசியில் அருங்காட்சியகம் வந்தது. கோடிக்கணக்கான ஆண்டு கிடந்த சங்கே அருமை தெரியாமல் போயிற்று என்றால், காகிதம் எம்மாத்திரம்?

என்ன செய்யலாம் என்று கேட்டால், செலவில்லாத வேலைதான். கடிதத்தை லேமினேஷன் செய்யாதீர்கள், உள்ளேயே வெந்துவிடும். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள், சில ஆண்டில் எழுத்தையே தின்றுவிடும். குண்டூசி, ஸ்டேப்ளர் பின் இருந்தால் மெதுவாக எடுத்துவிடுங்கள், துரு ஏறும். உறையைத் தூக்கிப் போடாதீர்கள். கடிதத்தில் தேதி இல்லாவிட்டாலும் உறையின் முத்திரையில் இருக்கும். துவைத்த பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் படாத பெட்டியில் வையுங்கள். பூச்சிக்கு வசம்புத் துண்டு போடலாம். போனில் இரண்டு பக்கமும் படம் எடுங்கள், மடிப்பையும் சேர்த்து. யார் யாருக்கு எழுதியது, செவலை என்பது மாடா ஆளா, தம்பி என்பது எந்தத் தம்பி என்பதை ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். இருபது ஆண்டு கழித்துப் பேரப்பிள்ளைக்கு அது தெரியாது. எழுதியவர் இன்றைக்கு உயிரோடு இருந்தால், கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்துப் படிக்கச் சொல்லிக் குரலைப் பதிவு செய்யுங்கள். போரைப் பற்றிக் கேட்காதீர்கள். அந்தச் செவலையைப் பற்றிக் கேளுங்கள். பேச்சு தானாக அங்கே போகும்.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் கல்யாணப் பத்திரிகையையும் நோட்டீசையும்கூடச் சேர்த்து வைத்தவர். குப்பை சேர்க்கிறார் என்று நினைத்தவர்கள் இருந்திருப்பார்கள். இன்றைக்கு அவர் பெயரில் சென்னையில் இருக்கும் ஆராய்ச்சி நூலகத்துக்கு உலகமெங்கும் இருந்து ஆராய்ச்சியாளர்கள் வருகிறார்கள். ஓர் ஆள் சேர்த்தது அது. ரெட்டிபாளையமும் சுற்றுப்பட்ட ஊர்களும் சேர்ந்தால் ஒரு பெட்டி நிரம்பாதா?

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் தெருவில் பட்டாளத்துக்குப் போனவர்கள் யார் யார் என்று கேட்டு எழுதுங்கள். முழுப் பெயர், படைப்பிரிவு, போன ஆண்டு, திரும்பிய ஆண்டு. திரும்பாதவர் என்றால் அதையும். எண்ணிக்கை எனக்கு வேண்டாம். பெயர் வேண்டும்.

தாய்மார்களே, பெரியவர்களே, உங்கள் வீட்டுக் கடிதத்தை யாருக்கும் கொடுக்க வேண்டாம். அது உங்களிடமே இருக்கட்டும். அந்தரங்கமான வரி இருந்தால் அதையும் மறைத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. இன்றிரவு வீட்டுக்குப் போனதும் பரணில் இருக்கும் தகரப் பெட்டியை இறக்கிப் பாருங்கள். நீல இன்லேண்டு லெட்டர் ஏதாவது இருந்தால் எடுத்துத் தனியே வையுங்கள். வருகிற போகியன்று அது நெருப்பில் விழக் கூடாது. நான் கேட்பது அவ்வளவுதான்.